கடன் பாக்கியும் மாநிலச் சட்டங்களும்: வணிகர்கள் அறிய வேண்டியவை



நம்மில் பலர் கடையில் "கடன் அன்பை முறிக்கும்" என்று பலகை மாட்டியிருக்கிறோம். அந்தப் பலகைக்கு நேர் கீழே கல்லாப் பெட்டியின்மேல் கடன் நோட்டும் இருக்கும். கடன் இல்லாமல் மளிகை வியாபாரம் இல்லை என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. கொடுத்த கடன் திரும்பி வராதபோது அதை எப்படித் தீர்த்துக்கொள்வது, அந்த வழி ஒரு மாநிலத்தில் ஒன்றாகவும் பக்கத்து மாநிலத்தில் வேறாகவும் இருப்பது ஏன் என்பதைப் பற்றியே இக்கட்டுரை. நான் வக்கீல் அல்ல. நாற்பது வருடங்களாக ஈரோட்டில் பருப்பு, மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்பவன். பட்டுத் தெரிந்துகொண்டதையும், வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

ஒரே வருடத்தில் இரண்டு பாக்கி

2019ஆம் வருடம் எனக்கு இரண்டு வாடிக்கைக்காரர்களிடம் பாக்கி நின்றது. ஒருவர் கர்நாடகத்தில் கொள்ளேகால் பக்கம் கடை வைத்திருப்பவர். பாக்கி 1,84,000 ரூபாய். மற்றவர் கோபி பக்கம். பாக்கி 96,000 ரூபாய்.

அந்த ஜூலை மாதம் கர்நாடகத்தில் கடன் நிவாரணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே கொள்ளேகால்காரர் போன் செய்தார். "அண்ணா, எங்க சர்க்கார் கடனையெல்லாம் தள்ளுபடி பண்ணிருச்சுங்க. இனிமேல் நீங்க கேக்கக் கூடாதுங்களாம்" என்றார். அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். எனக்கோ தூக்கம் போயிற்று.

கோபிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. நான் வாரந்தோறும் வசூலுக்கு ஆள் அனுப்பினேன். ஆள் போய்க் கடை வாசலில் உட்கார்ந்திருப்பான். ஆயிரமோ இரண்டாயிரமோ வாங்கி வருவான். ஒரு திங்கட்கிழமை போனபோது கடை பூட்டியிருந்தது. இரவோடு இரவாகக் குடும்பத்துடன் திருப்பூருக்குப் போய்விட்டார். மீட்டர் வட்டிக்கு 50,000 வாங்கி, எழுதாத செக்கும் வீட்டுப் பத்திரமும் கொடுத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த இருவருக்கும் சட்டத்தில் என்ன வழி இருந்தது என்று அன்றைக்கு அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நம் சங்க அன்பர்களுக்காவது தெரிய வேண்டும் என்பதே என் நோக்கம்.

ஏன் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது?

நமது அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் அதிகாரங்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலும், விவசாயக் கடன் நிவாரணமும் மாநிலப் பட்டியலில் 30ஆவது இனம். ஆகவே ஒவ்வொரு மாநில சட்டசபையும் தனக்கென்று சட்டம் செய்துகொள்ளலாம். திவால் என்பது பொதுப் பட்டியலில் 9ஆவது இனம். அதில் மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டம் செய்யலாம். சரக்கு விற்பனை, ஒப்பந்தம், காலாவதி ஆகியவற்றுக்கு நாடு முழுவதும் ஒரே சட்டம்.

இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். வாடிக்கைக்காரர் நமக்குத் தர வேண்டியது சரக்கு விலை. அவர் தண்டல்காரருக்குத் தர வேண்டியது வட்டிக் கடன். இரண்டும் கடன்தான், ஆனால் இரண்டையும் ஆளும் சட்டங்கள் வேறு. தண்டல்காரர் கடுமைக்குப் பயந்து அவருக்குப் போகும் பணம் நமக்கு வர வேண்டிய பணம்தான் என்பதால், அந்தச் சட்டத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

பழைய நாளிலும் இப்படித்தான்

இந்த வேறுபாடு இன்று நேற்று வந்ததல்ல. "தாம்துபட்" என்று ஒரு பழைய இந்து தர்ம விதி உண்டு. வட்டி பாக்கி எவ்வளவு ஏறினாலும், ஒரே சமயத்தில் அசலுக்கு மேல் வட்டி வசூலிக்கக் கூடாது என்பது அதன் பொருள். பிரிட்டிஷ் ஆட்சியில் பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தா நகரத்திலும் கோர்ட்டுகள் இதை ஏற்றன. சென்னை மாகாணத்தில் ஏற்கவில்லை. பம்பாய்க் கடனாளிக்கு இருந்த பாதுகாப்பு நம் பக்கத்துக் கடனாளிக்கு இல்லை. பிற்பாடு மகாராஷ்டிரம் 2014ஆம் வருட வட்டித் தொழில் சட்டத்தில் அசலுக்கு மேல் வட்டி வசூலிக்கக் கூடாது என்பதை எழுத்திலேயே வைத்துவிட்டது.

1930களில் விலைகள் விழுந்து விவசாயிகள் கடனில் மூழ்கியபோது மாகாணங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே சட்டம் செய்தன. மத்திய மாகாணத்தில் 1933இல் கடன் சமரசச் சட்டம் வந்தது. பஞ்சாபில் 1934இலும், வங்காளத்தில் 1935இலும், சென்னையில் 1936இலும் இப்படிச் சட்டங்கள் வந்தன. கடன் கொடுத்தவரையும் வாங்கியவரையும் எதிரெதிரே உட்கார வைத்துத் தொகையைப் பேசி முடிக்கும் சமரச போர்டுகள் இவற்றால் ஏற்பட்டன.

1938இல் ராஜாஜி மந்திரிசபை சென்னை மாகாணத்தில் விவசாயிகள் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1ஆம் தேதிக்கு முன் விவசாயி பட்ட கடனில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதையும் அது தள்ளுபடி செய்தது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. அப்போது கொள்ளேகால் தாலுகா நம் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. 1956இல்தான் மைசூர் ராஜ்யத்தில் சேர்ந்தது. அதனால் கொள்ளேகால் விவசாயிக்கு இந்தச் சட்டம் உண்டு. அடுத்து இருக்கும் சாமராஜநகர் அன்று மைசூர் சமஸ்தானம். அங்கே இது செல்லாது. நடந்து போகும் தூரத்தில் சட்டம் மாறிற்று.

வட்டிக் கடனுக்கு இப்போது உள்ள வழிகள்

தமிழ்நாட்டில் 1957ஆம் வருட வட்டித் தொழில் சட்டம் இருக்கிறது. வட்டித் தொழில் செய்பவர் லைசென்ஸ் பெற வேண்டும். அரசு அறிவித்த வட்டிக்கு மேல் வாங்கக் கூடாது. அதற்கு மேல் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணிக்கணக்கு வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே இச்சட்டம் குறிப்பிடுகிறது. மீறினால் 3 வருடம் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இச்சட்டத்தில் நம்மவர் பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு உண்டு. கடன் வாங்கியவர், அசலையும் சட்டப்படியான வட்டியையும் கோர்ட்டில் கட்டிவிட்டு, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்டு மனுப் போடலாம். பலவந்தமாகப் பறித்துக்கொண்ட சொத்தையும் திரும்பக் கேட்கலாம். கோபிக்காரருக்கு இந்தக் கதவு திறந்துதான் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்போது இச்சட்டத்துக்கு வயது 14. சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது.

கர்நாடகத்திலும் 1961ஆம் வருட வட்டித் தொழில் சட்டமும், நம் சட்டத்தைப் போன்ற 2004ஆம் வருட அதிக வட்டித் தடைச் சட்டமும் உண்டு. அவற்றுடன் கொள்ளேகால்காரர் சொன்ன கடன் நிவாரணச் சட்டமும் வந்தது. அது எல்லோருக்குமானது அல்ல. சிறு விவசாயி, நிலமற்ற கூலித் தொழிலாளி, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத நலிந்தோர் ஆகியோர் வட்டிக் கடைக்காரரிடமும் அடகுக் கடைக்காரரிடமும் பட்ட கடனுக்குத்தான் அது பொருந்தும். அதுவும் குறிப்பிட்ட நாட்களுக்குள் மனுப் போட்டவர்களுக்கே. வங்கிக் கடன் அதில் சேராது. ஜி.எஸ்.டி. கட்டி நல்லபடியாகக் கடை நடத்தியவரின் வருமானம் அந்த வரம்புக்குள் வராது என்று வக்கீல் கணக்குப் போட்டுக் காட்டினார். என் மூச்சு திரும்பி வந்தது.

கேரளத்தில் 1958ஆம் வருட வட்டித் தொழில் சட்டமும், 2012ஆம் வருட அதிக வட்டித் தடைச் சட்டமும் உள்ளன. விவசாயிகளுக்கென்று 2006ஆம் வருடச் சட்டப்படி கடன் நிவாரண கமிஷனே இருக்கிறது. விவசாயி அங்கே போய் மனுக் கொடுக்கலாம். மளிகைக் கடைக்காரர் போக முடியாது.

2025இல் கர்நாடகமும் தமிழ்நாடும் கடன் வசூலில் மிரட்டலையும் அடாவடியையும் தடுக்கத் தனித்தனியே சட்டம் கொண்டுவந்தன. கர்நாடகத்தில் தண்டனை 10 வருடச் சிறை, 5 லட்சம் அபராதம் வரை போகும். இவை பணம் கடன் கொடுப்பவர்களைப் பற்றியவை. ஆனாலும் கடை வாசலில் ஆளை உட்கார வைத்து வசூல் செய்யும் பழக்கத்தை நாமும் விட்டுவிடுவது நல்லது. என் அனுபவத்தில் அதனால் பணமும் முழுதாக வரவில்லை, வாடிக்கையும் போயிற்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த நிதி நிறுவனங்களுக்கு மாநில வட்டித் தொழில் சட்டம் பொருந்தாது என்று கேரள, குஜராத் வழக்குகளில் சுப்ரீம் கோர்ட் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆகவே யாரிடம் வாங்கினோம் என்பதைப் பொறுத்தும் வழி மாறும்.

"மஞ்சள் கடுதாசி"

"ஐ.பி. போட்டுவிட்டார்" என்றால் நம் பணம் போய்விட்டது என்றே நினைக்கிறோம். அது சரியல்ல.

கம்பெனிகளுக்கு 2016ஆம் வருடத் திவால் சட்டம் நடைமுறையில் உள்ளது. தனிநபர், கூட்டு வியாபாரம் பற்றிய அதன் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலாகியது. நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்குப் பழைய சட்டங்களே. அவற்றிலும் இரண்டு உண்டு. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909ஆம் வருடச் சட்டம். மனு ஹைகோர்ட்டில், சொத்து அஃபிஷியல் அசைனி கையில். வெளியூர்களுக்கு 1920ஆம் வருடச் சட்டம். மனு மாவட்டக் கோர்ட்டிலோ அதிகாரம் பெற்ற சப் கோர்ட்டிலோ, சொத்து ரிசீவர் கையில். முன்னாள் சமஸ்தானப் பகுதிகள் 1920ஆம் வருடச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே விலக்கப்பட்டவை. ஆகவே திருவிதாங்கூர், மைசூர் பக்கத்து வாடிக்கைக்காரர் என்றால் அந்த ஊர் வக்கீலைக் கேட்பதே முறை.

1920ஆம் வருடச் சட்டத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு.

ஒன்று: மனுப் போட்டதாலேயே கடன் தீராது. கடன்காரர்கள் எல்லோரும் தங்கள் பாக்கியை நிரூபித்து, இருக்கும் சொத்தை விகிதப்படி பங்கிட்டுக்கொள்வார்கள். நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாமல் பில்களுடன் ஆஜராக வேண்டும்.

இரண்டு: கடன்காரர்களில் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்டவர்களும், தொகையில் முக்கால் பங்கு உள்ளவர்களும் ஒரு ராஜித் திட்டத்தை ஒப்புக்கொண்டு, கோர்ட்டும் ஏற்றால், அது மற்றவர்களையும் கட்டுப்படுத்தும். கோர்ட்டுக்கு வெளியே செய்யும் ராஜியோ கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும்.

மூன்று: மனுவுக்கு முந்திய 3 மாதத்துக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிப் பணமோ சரக்கோ கொடுத்திருந்தால், அதை ரத்து செய்ய முடியும். கடை ஆட்டம் காண்கிறது என்று தெரிந்ததும் லாரியோடு போய்ச் சரக்கை ஏற்றி வருபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நான்கு: கடனிலிருந்து விடுதலை கேட்கும்போது கோர்ட் இரண்டைப் பார்க்கும். சொத்து ரூபாய்க்கு எட்டணாவாவது தேறுமா என்பது ஒன்று. முந்திய மூன்று வருடம் கணக்குப் புத்தகம் ஒழுங்காக எழுதினாரா என்பது மற்றொன்று. நொடித்த வியாபாரியைக் காப்பாற்றுவதும் பேரேடுதான்.

வழக்கும் ராஜியும்

சரக்குப் பாக்கிக்கு வழக்குப் போட 3 வருடக் கெடு. இது எல்லா மாநிலத்துக்கும் பொது. கெடு முடியுமுன் பாக்கியை ஒப்புக்கொண்டு வாடிக்கைக்காரர் எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 வருடம்.

ஆனால் கோர்ட் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்ததை 2017இல் மூன்று ரூபாயாகக் குறைத்தார்கள். 2 லட்சம் ரூபாய் வழக்குக்கு 15,000 கட்டிய இடத்தில் 6,000 என்றாயிற்று. கேரளம், கர்நாடகம் போன்ற இடங்களில் தொகைக்குத் தக்கபடி விகிதம் மாறும் அடுக்கு முறை. ஆகவே எந்த ஊர் கோர்ட் என்பது முக்கியம். பில்லில் "ஈரோடு கோர்ட் எல்லைக்குட்பட்டது" என்று அச்சடிக்கிறோம். சேலம் வியாபாரி ஒருவருக்கும் குஜராத் நிறுவனம் ஒன்றுக்கும் நடந்த வழக்கில் 1989இல் சுப்ரீம் கோர்ட், பில்லில் குஜராத் ஊரின் பெயர் இருந்தும் சேலத்தில் வழக்கு நடக்கலாம் என்றது. "மட்டுமே" என்ற சொல் அதில் இல்லை. 2013இல் இன்னொரு வழக்கில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும் எண்ணம் தெரிந்தால் போதும் என்றது. நமக்கு எதற்கு வம்பு? "ஈரோடு கோர்ட் மட்டுமே" என்று அச்சடித்துவிடலாம்.

வழக்குப் போட்ட பிறகும் ராஜி பேசலாம். இரு தரப்பும் வெளியே பேசித் தீர்த்துக்கொண்டாலும் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று, தமிழ்நாட்டுக் கோர்ட் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவைப் பற்றி 2021இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. மக்கள் நீதிமன்றமோ நாடு முழுவதும் உண்டு. வழக்குப் போடும் முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் ராஜி கோர்ட் டிக்ரிக்குச் சமம்; அதன்மேல் அப்பீல் கிடையாது.

நமக்குத் திறக்காத கதவு

சிறு தொழில்களுக்கு 2006ஆம் வருடச் சட்டப்படி ஒரு நல்ல வசதி உண்டு. வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டியுடன் கேட்கலாம். மாநில அரசு அமைத்த கவுன்சிலில் மனுக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை தவிர திருச்சி, மதுரை, கோவையிலும் அமைத்திருக்கிறார்கள். விற்றவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலே, வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் விசாரிக்கும். இங்கே மாநில எல்லை குறுக்கே வராது.

ஆனால் 2021 ஜூலையில் வியாபாரிகளை உதயம் பதிவில் சேர்த்தபோது, வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். வாங்கி விற்கும் நமக்கு இந்தக் கவுன்சில் இல்லை. எண்ணெய்ச் செக்கு, பருப்பு மில், மசாலா அரைவை வைத்திருக்கும் உறுப்பினர்கள் உற்பத்தியாளராகப் பதிந்து பயன்பெறலாம். வியாபாரிகளுக்கும் இதை விரிவாக்க வேண்டும் என்று நமது சங்கங்கள் குரல் கொடுப்பது அவசியம்.

இரண்டு பாக்கியும் முடிந்த விதம்

கொள்ளேகால்காரரிடம் நேரில் போனேன். அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் ஈரோட்டில் இருவர், மைசூரில் ஒருவர், அவர் ஊரில் ஒருவர். நான்கு பேரும் அவர் கடையிலேயே உட்கார்ந்து கணக்கைப் பார்த்தோம். ரூபாய்க்குப் பத்தணா என்று முடிவாயிற்று. என் பங்கு 1,15,000. மாதம் 5,000 வீதம் 23 தவணை. பில் எண், தேதி, பாக்கி எல்லாம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். 2019 நவம்பரில் ஆரம்பித்து, ஊரடங்கில் இரண்டு மாதம் தவறி, 2021 நவம்பரில் கடைசித் தவணை வந்தது. இன்றும் அவர் என்னிடம்தான் மல்லி வாங்குகிறார், ரொக்கத்துக்கு.

கோபிக்காரரைப் பின்னர் ஒரு நாள் திருப்பூரில் பார்த்தேன். பனியன் கம்பெனியில் மேஸ்திரி வேலை. "கோர்ட்டுல பணத்தைக் கட்டலாம்னு அன்னிக்கு யாராவது சொல்லியிருந்தா, கடையை விட்டிருக்க மாட்டேனுங்கண்ணா" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பாக்கி கெடுவும் தாண்டிவிட்டது. பேரேட்டில் அப்படியே கிடக்கிறது.

ஆகவே அன்பர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இவைதான். வாடிக்கைக்காரர் வேறு யாருக்கெல்லாம் பாக்கி, எவ்வளவு வட்டிக்கு என்று நேரில் உட்கார்ந்து கேளுங்கள். வருடம் ஒரு முறை பாக்கியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சரக்குப் பாக்கியைக் கைமாற்றுக் கடன் போல எழுதாமல் பில் விவரத்துடன் எழுதுங்கள். வெளி மாநில வாடிக்கைக்காரர் என்றால் கடன் கொடுக்கும் முன்பே அங்குள்ள சட்டத்தை விசாரியுங்கள். தள்ளுபடி என்று செய்தி வந்தால், யாருக்கு, எந்தக் கடனுக்கு, எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் கேளுங்கள். நொடித்தவரை விரட்டாமல் மற்றக் கடன்காரர்களையும் கூட்டி ராஜி பேசுங்கள். கடைக்காரர் பிழைத்தால்தான் மொத்த வியாபாரியும் பிழைப்பான்.